மூன்றாம் முறை கேட்க மாட்டேன்

மூன்று பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்க ஆர்டிஸ் ஸ்லெட்டன் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உட்காரவைத்த பிறகு அவர்களை வாய் திறக்கவைப்பது அதைவிடப் பெரும்பாடாக இருந்தது.

விஷயம் ஒன்றும் சிக்கலானது இல்லை. ஆர்டிஸின் கணவர் ஆர்லோ தன் கையாலேயே கட்டிய வீடு ஒன்று ஏரிக்கரையில் இருக்கிறது. ஆர்லோ போய்விட்டார், ஆர்டிஸுக்கும் எண்பதை நெருங்குகிறது. பிள்ளைகளோ மூன்று பேர், ஏரி வீடோ ஒன்றுதான். தனக்குப் பிறகு அது யாருக்கு என்று உயிலில் எழுத வேண்டும். அதற்காகத்தான் வக்கீலம்மாவைத் தான் குடியிருக்கும் பண்ணை வீட்டுக்கே வரவழைத்திருந்தாள். "எனக்கு வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் போதும், மீதியை வக்கீல் பார்த்துக்கொள்வாள். ஆனால் சொன்னால்தானே!

"லோவெல், ஏரி வீடு உனக்கு வேணுமா?"

மூத்தவன் லோவெல் காபிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவன்போலக் குனிந்து பார்த்தான். பக்கத்து ஊரில் விதைக்கடை நடத்துகிறான். அறுபது வயதை எட்டப்போகிறான்.

"எனக்கு எதுக்கும்மா? ரோக்ஸானுக்குக் குடுங்க."

"ரோக்ஸான்?"

"ஐயோ, எனக்கு வேண்டாம்மா. அண்ணன் இருக்கான், தம்பி இருக்கான். எனக்கு எதுனாலும் சரிதான்."

எதுனாலும் சரிதான்! இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அமெரிக்காவின் வடக்கே இந்த மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, செத்தும் போகிறார்கள். இங்கே யாராவது ஒன்றைக் கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால்தான், "சரி, இவ்வளவு சொல்றீங்களேன்னுதான்" என்று இழுத்துக்கொண்டே கையை நீட்டலாம். காபிக்கும் இதே முறை, நிலத்துக்கும் இதே முறை. முதல் தடவையே தலையாட்டியவனைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் பேசுவார்கள். இதோ, மேசை நடுவே தட்டில் ஓர் எலுமிச்சை இனிப்புத் துண்டு மிச்சம் இருக்கிறது. லோவெல் அதில் பாதியை வெட்டி எடுத்தான். ரோக்ஸான் மிச்சமிருந்த பாதியில் பாதியை எடுத்தாள். இப்போது தட்டில் விரல்நக அளவுக்கு ஒரு துண்டு கிடக்கிறது. கடைசித் துண்டை எடுத்தவர் என்ற பெயர் யாருக்கும் வந்துவிடக் கூடாதாம்.

அந்தத் துணுக்கைப் பார்க்கப் பார்க்க ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தப் பழக்கம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தாள். நார்வேயிலிருந்து தாத்தா கப்பலில் கொண்டுவந்த, பூ வரைந்த மரப்பெட்டி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. தங்கை வெர்னா, "உனக்கு வேணுமாக்கா?" என்று கேட்டாள். ஆர்டிஸ் வேண்டாம் என்றாள். வெர்னா மறுபடி கேட்டாள். ஆர்டிஸ் மறுபடி வேண்டாம் என்றாள். பிறகு மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். வெர்னா கேட்கவே இல்லை. பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். ஒரே சர்ச்சில் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஆர்லோவின் அடக்கத்துக்கு வந்தபோதுகூட வெர்னா உருளைக்கிழங்கு சாலட்டை மேசையில் வைத்துவிட்டு, "நல்ல மனுஷன்" என்று ஆர்டிஸின் முகத்தைப் பார்க்காமல் தோளுக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

தன் பிள்ளைகளுக்கு அது நடக்கக் கூடாது. சண்டை போடுவதென்றால் இப்போதே, தன் கண்முன்னாலேயே போட்டு முடித்துவிட வேண்டும். ஆர்டிஸுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

யாருக்கு அந்த வீடு உயிர் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ரோக்ஸானுக்குத்தான். ஏரியில் பனிக்கட்டி உடைந்த மறுவாரமே ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இடுப்பளவு குளிர்நீரில் இறங்கிப் படகுத்துறைப் பலகைகளைப் பூட்டுபவள் அவள். இலையுதிர்ந்ததும் அவற்றைக் கழற்றுபவளும் அவளே. எலிப்பொறி வைப்பது, குழாய்த் தண்ணீரை வடிப்பது, கூரையில் ஏறுவது எல்லாம் அவள் வேலை. பேசாமல் அவள் பெயரை எழுதிவிட்டால் என்ன? எழுதலாம்தான். நாளைக்கு அம்மா கண்ணை மூடியதும், பக்கத்திலேயே இருந்து கிழவியின் மனதைக் கரைத்துவிட்டாள் என்று பேச்சு வரும். நேரில் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் எதைத்தான் நேரில் சொல்கிறார்கள்? கிறிஸ்துமஸுக்கு வருவதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொள்வார்கள். அதனால் ரோக்ஸான் தன் வாயாலேயே, அண்ணன் தம்பி முன்னால், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றாள் ஆர்டிஸ். "இன்னிக்கு இந்த மேசையில நம்ம ஊர் வழக்கம் கிடையாது. ஒரு தடவை கேப்பேன், ரெண்டு தடவை கேப்பேன். மூணாம் தடவை கேக்க மாட்டேன். என்ன சொல்றீங்களோ அதை மிஸ் கோவால்ஸ்கி எழுதிடுவாங்க."

வக்கீல் டெரேசா கோவால்ஸ்கி சிகாகோக்காரி. இந்த ஊருக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகிறது. வந்ததும், "காபி?" என்று கேட்டதற்கு, "குடுங்க, சர்க்கரை ரெண்டு" என்று பட்டென்று சொன்னாள். அந்த நிமிடமே ஆர்டிஸுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"ரெண்டாவது தடவை கேக்கிறேன். லோவெல்?"

"நான்தான் சொன்னேனேம்மா. எனக்குக் கடையில இருக்க வேலையே போதும்."

"ரோக்ஸான்?"

ரோக்ஸான் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்கட்டும். என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க."

வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆர்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குட்டியின் பக்கம் திரும்பினாள்.

"டாரின்?"

"எனக்கு வேணும்," என்றான் டாரின்.

கோவால்ஸ்கியின் பேனா ஓடியது. டாரின் கையை நீட்டி, தட்டில் கிடந்த அந்த இனிப்புத் துணுக்கையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இருபது வருஷமாக அரிசோனாவில் இருக்கிறான். கட்டிக்கொண்டவள் நியூ ஜெர்சிக்காரி. மினசோட்டா அவனிடமிருந்து முழுவதும் கழுவப்பட்டுவிட்டது.

லோவெலின் கழுத்து சிவந்தது. "என்னடா, வேணும்னு சொல்ற?"

"அம்மா கேட்டாங்க, சொன்னேன். வேற எப்படிச் சொல்றது?"

"பொசுக்குன்னு அப்படியா சொல்வாங்க?"

"நீ வேண்டாம்னே, அக்கா வேண்டாம்னா. அதுவும் ரெண்டு தடவை. அப்புறம் எனக்கென்ன?"

ரோக்ஸான் எழுந்து கோப்பைகளைச் சேர்த்தாள். பாதி காபி இருந்த கோவால்ஸ்கியின் கோப்பையையும் பிடுங்கிக்கொண்டாள். தொட்டியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. "நல்லதுதான்," என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. "டாரினுக்குப் பிள்ளைங்க இருக்கு. ரொம்ப நல்லது." ஒரு தட்டை அலமாரியில் வைத்தாள். வைத்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். அது உடையாதது கடவுள் புண்ணியம்.

"எழுதிட்டீங்களா?" என்று ஆர்டிஸ் வக்கீலைக் கேட்டாள். தான் விரித்த வலையில் தானே விழுந்தாயிற்று. இப்போது பின்வாங்கினால் மூன்றாம் முறை கேட்டதாகிவிடும். ரோக்ஸானுக்கு ஐம்பத்தைந்து வயது ஆகிறது, ஒரு வார்த்தை வரவில்லையே, யார் பெற்ற பிள்ளை இது!

"எழுதிட்டேன். டாரின் ஸ்லெட்டன். அடுத்ததுக்குப் போலாமா?"

"போலாம்," என்றாள் ஆர்டிஸ்.

தண்ணீர் நின்றது.

"படகுத்துறையை யார் பூட்டுவா?" ரோக்ஸான் திரும்பினாள். கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது. "அரிசோனாவுலேர்ந்து வந்து பூட்டுவானா? பம்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா அவனுக்கு? போன வருஷம் மரம் விழுந்துச்சே, யார் அறுத்தா? நீயா? உன் பொண்டாட்டியா? அவ கொசு கடிக்குதுன்னு ரெண்டாம் நாளே ஹோட்டலுக்குப் போனவ!"

"அப்ப உனக்கு வேணும்னு சொல்லித் தொலைக்கறதுதானே!" என்றான் டாரின்.

"இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல!"

"எத்தனை தடவைடி கேக்கறது?" என்றாள் ஆர்டிஸ்.

"மூணு!" என்று லோவெலும் ரோக்ஸானும் ஒன்றாகக் கத்தினார்கள்.

கோவால்ஸ்கி பேனாவை மூடினாள். "நான் வேணா இன்னொரு நாள் வரட்டுமா?"

"உக்காருங்க," என்றாள் ஆர்டிஸ். "இதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டதே." அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவள் வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை காலம்! ஆர்லோ உயிரோடு இருந்திருந்தால் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போயிருப்பார்.

டாரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "சரி. இப்பச் சொல்லு. 'எனக்கு வேணும்'னு சொல்லு. நான் விட்டுடறேன்."

ரோக்ஸான் துண்டில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "வேற யாருக்கும் வேண்டாம்னா, வீடு சும்மா கிடக்கக் கூடாதேன்னு..."

"அது இல்ல!" ஆர்டிஸ் மேசையைத் தட்டினாள்.

"நான் பாத்துக்கறதுல எனக்கு ஒண்ணும் சிரமம்..."

"அதுவும் இல்லடி!"

ரோக்ஸானின் முகம் கோணியது. சின்ன வயதில், கோழிக்கறியில் இன்னொரு துண்டு வேண்டும் என்று ஒரு தடவை விருந்தில் கேட்டுவிட்டாள். ஆர்டிஸ் மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். அது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். மகள் தாயைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது.

"எனக்கு வேணும்," என்றாள் ரோக்ஸான். சொன்னதும் ஓவென்று அழுதாள். "எனக்கு அந்த வீடு வேணும். எனக்குத்தான் வேணும்."

லோவெல் ஜன்னலைப் பார்த்தான். கோவால்ஸ்கி டாரின் பெயரைக் கோடு போட்டு அடித்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றான் டாரின். இப்போது அவன் குரலில் துள்ளல் இல்லை. "நான் விளையாட்டுக்குச் சொல்லல. எனக்கும் வேணும். அம்மாவும் போயிட்டா எனக்கு இங்க வர்றதுக்கு ஒரு இடம் கிடையாது. அதனாலதான் கேட்டேன்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆர்டிஸும்தான். வாயைத் திறந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். திறந்தால் இரண்டு ஆசைகள் எதிரெதிராக நின்றன.

"நீ எப்ப வேணாலும் வாடா," என்றாள் ரோக்ஸான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எப்ப வேணாலும்னு எழுத முடியாது," என்றாள் கோவால்ஸ்கி. "இப்படிச் சொல்லிட்டு, பின்னாடி எங்கிட்ட வராத குடும்பமே இல்ல. தேதியைச் சொல்லுங்க. செலவு யாருதுன்னும் சொல்லுங்க."

அரைமணி நேரம் இழுபறி நடந்தது. கடைசியில் வீடு ரோக்ஸானுக்கு. ஒவ்வொரு வருஷமும் ஜூலையின் முதல் இரண்டு வாரம் டாரினுக்கு. அந்த நாட்களில் அக்கா வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. அவள் விற்பதென்றால் முதலில் தம்பியிடம்தான் விலை பேச வேண்டும். லோவெலைப் பிடித்து உலுக்கியதில், அவனுக்கு வீடு உண்மையாகவே வேண்டாம், அப்பாவின் படகும் மீன்பிடிச் சாமான்களும்தான் வேண்டும் என்று தெரிந்தது. அதைச் சொல்லும்போது அவன் காது மடல்வரை சிவந்திருந்தது. எல்லாம் தாளில் ஏறியது. ஆர்டிஸ் நாற்காலியில் சாய்ந்தாள். நான்கு மூட்டை இறக்கியவள்போல உடம்பு தளர்ந்தது.

"கடைசியா ஒண்ணு," என்றாள் கோவால்ஸ்கி. "மிஸஸ் ஸ்லெட்டன், உங்களுக்குத் தனியா இருக்க முடியாமப் போனா எங்க இருக்க விரும்பறீங்க? அதையும் எழுதிடறது நல்லது."

"எங்கன்னா என்ன?" என்றாள் ஆர்டிஸ். "பிள்ளைங்களுக்கு எது சௌகரியமோ அங்க. எனக்கு எதுனாலும் சரிதான்."

"டவுன்ல முதியோர் குடியிருப்புல ஒரு ரூம் பாத்திருக்கேன்," என்றான் லோவெல். "அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பிடிச்சுதுன்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க?" என்று ரோக்ஸான் கேட்டாள்.

"இடம் சுத்தமா இருக்குன்னாங்க."

ரோக்ஸான் துண்டைக் கீழே வைத்தாள். டாரின் உட்கார்ந்தான். மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"அம்மா," என்றாள் ரோக்ஸான். "நீங்க சொல்லுங்க."

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். இவ்வளவு நேரம் மகளைப் போட்டு வறுத்தெடுத்தவளுக்கு இப்போது ஒரு வார்த்தை எழும்பவில்லை. லோவெல் எவ்வளவு அலைந்து பிடித்த அறை அது! பாவம், மனம் நோகுமே. ஒன்றும் வேண்டாம், சரி என்று சொல்லிவிட்டால் எல்லாரும் எழுந்து போய்விடலாம். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நான் அங்க போக மாட்டேன்," என்றாள் ஆர்டிஸ். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்த வீட்டுலதான் இருப்பேன். ஆள் வெச்சுப் பாருங்க, எவ்வளவு ஆனாலும் சரி, பண்ணையில ஒரு பக்கத்தை வித்துக்கங்க. அந்த ரூம்ல ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்துற இடம் தெரியுது. போக மாட்டேன்."

கோவால்ஸ்கி எழுதத் தொடங்கினாள்.

லோவெலின் முகம் வெளிறிவிட்டது. "முன்பணம் கட்டிட்டேனேம்மா. அடுத்த மாசம்னு சொல்லியாச்சு. நான் உங்களைக் கேட்டுட்டுத்தானே செஞ்சேன்? ஏம்மா அப்பவே சொல்லல?"

ஆர்டிஸ் தன் மூத்த மகனைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"நீ ஒரு தடவைதானேடா கேட்டே," என்றாள்.