எல்லாரும் ஒரே நேரத்தில்

திருவாரூர் ஆன்டோவின் சர்வர் மூன்று மாதமாக அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஊர்க் கல்யாணங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுவது அவன் பிழைப்பு. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும்போது இந்தத் தொழிலுக்கு என்ன குறை? ஆனால் கூத்தாநல்லூரில் எடுத்த இரண்டு நிக்காஹிலும், சரியாக மணமக்களுக்காகப் பிரார்த்தித்து துஆ ஓதும் நேரத்தில் சர்வர் படுத்துவிட்டது. மெமரியைக் கூட்டினான், மென்பொருளை அழித்து மறுபடி போட்டான். தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

இன்றைக்கு வந்தது கல்யாணமில்லை. அதே ஊர்க் கமருன்னிஸாவின் கணவர் காலையில் மவுத்தாகிவிட்டார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஒரே மகன் ஜியாவுதீன் குவைத்தில். முதலாளி பாஸ்போர்ட்டைத் தர மறுத்துவிட்டான்.

"தம்பி, எம்புள்ள அங்கேருந்தாச்சும் அவங்க அத்தாவுக்கு ஆமீன் சொல்லணும். பாதியில நின்னுடாம பாத்துக்கங்க," என்றார் கமருன்னிஸா, கதவுக்குப் பின்னாலிருந்து.

அடக்கம் செய்யும் மையவாடிச் சுவரோரம் லேப்டாப்பை விரித்த ஆன்டோ, இரண்டு நிக்காஹின்போது சர்வர் பதிந்துவைத்த லாகுகளையும் அலுப்போடு மறுபடி பார்த்தான். இரண்டிலும் சர்வர் விழுமுன் வந்திருந்தது ஒரே சொல். ஆமீன், ஆமீன் என்று சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் நூற்றுக்கணக்கில், ஒரே மூச்சில்.

தலையில் அடித்துக்கொண்டான். படத்துக்குக் கீழே செய்தி எழுதும் பெட்டி அவனே ஆசை ஆசையாகச் செய்தது. ஒருவர் எழுதினால் அதுவரை வந்த மொத்தச் செய்தியும் எல்லாருக்கும் மறுபடி போகும். அவன் பார்த்த சர்ச் கல்யாணங்களில் வாழ்த்து சொட்டுச் சொட்டாக வந்தது, தாங்கியது. துஆவுக்கு எல்லாரும் சேர்ந்துதானே ஆமீன் சொல்வார்கள்? மடையன், அதை யோசிக்கவே இல்லை. திருத்த இரண்டு நாளாவது ஆகும். உடலைச் சுமந்த சந்தூக்கோ வாசலுக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் செய்திப் பெட்டியை மூடினான்.

மண் தள்ளி முடித்து பள்ளிவாசல் ஹஜரத் துஆவைத் தொடங்கினார். படம் நிற்கவில்லை. குவைத்திலிருந்து போன் அடித்தது.

"அண்ணே, நல்லாத் தெரியுது. ஆனா எழுத முடியலையே. ரூம்ல தனியா இருக்கேன். நான் சொல்றது யாருக்குண்ணே கேக்கும்?"

ஆன்டோ போனை ஸ்பீக்கரில் போட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கபுர் மண்ணுக்கு மேலாகக் கையை நீட்டினான்.

"சொல்லுங்க தம்பி. சத்தமாச் சொல்லுங்க."

எல்லாரும் சொல்லி அடங்கிய பிறகு, கொஞ்சம் பிந்தி, கரகரவென்று வந்தது ஜியாவுதீனின் ஆமீன். ஹஜரத் போனைப் பார்த்தார். அடுத்த வரியிலிருந்து, அந்தக் குரல் வரும்வரை நின்று நின்று ஓதினார்.