மூச்சு விடுகிற வேடம்

பாஸ்கல் ஒருகாலத்தில் பட்டர்ஃப்ளை நீச்சலில் தேசிய சாம்பியன். இப்போது சினிமாவில் பிணம். இரண்டுக்கும் நடுவில், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த ரயில்வே வேலை ஒன்றும், அதை விட்டுவிட்டு ஹீரோவாக நடித்த படம் ஒன்றும் உண்டு. படம் வெளியான விஷயம் அவன் குடியிருக்கும் ராயபுரத்துக்குத் தெரியும். மற்ற ஊர்களுக்குச் சேதி போவதற்குள் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் அவனுடைய திறமை எது என்று சினிமாக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் குப்புற மிதக்க யாரும் கிடைப்பார்கள். மல்லாந்து, கண்ணைத் திறந்தபடி, வயிறு அசையாமல், கேமரா சாவகாசமாகச் சுற்றி வந்து முடிக்கும்வரை மிதக்க அவன் ஒருவன்தான். 'ஆக்‌ஷன்' என்றால் மூச்சு நிற்கும், 'கட்' என்றால் வரும். கிணறு, ஏரி, கல்குவாரி, பங்களா நீச்சல்குளம் என்று அவன் சாகாத நீர்நிலை தமிழ்நாட்டில் குறைவு. புரொடக்‌ஷன் மேனேஜர்கள் ஃபோன் போட்டு, அண்ணே ஒரு பாடி இருக்கு என்பார்கள். அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை செய்பவள். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே இன்று எங்கே என்று கேட்பாள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிணறு என்பான். பாசி பிடித்த தண்ணீராக இருந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். வருத்தப்பட்டு வருத்தப்பட்டு அலுத்துப்போன வீடு அது.

அந்த வருத்தம் அலுக்காமல் மிச்சம் இருந்தது மகள் ஜூடிக்கு மட்டும்தான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, அப்பாவைத் திரையில் காட்டலாமென்று தியேட்டருக்குக் கூட்டிப் போனார்கள். வாயில் பாசியோடு அப்பா வந்தார். பிள்ளை போட்ட சத்தத்தில் படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டார்கள். அன்றிலிருந்து அவன் நடித்த எதையும் அவள் பார்ப்பதில்லை. டிவியில் வந்தால் எழுந்து போய்த் துணி மடிப்பாள். இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள், இன்னமும் மடிக்கிறாள்.

இப்படியிருக்க, எண்ணூரில் படம் எடுக்கப்போகும் அருள்பிரகாசம் என்கிற புது டைரக்டர், உங்களுக்கு அந்தோணி என்று ஒரு படகுக்காரர் வேடம், படம் முடியும்வரை சாக மாட்டார் என்று சொன்னதும் பாஸ்கலுக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசி சீனில் கல்யாணப் பந்தியில் நீங்கள்தான் பிரியாணி பரிமாறுகிறீர்கள் என்றார் டைரக்டர். ஒரு வசனமும் உண்டு.

ஜூடி இந்தச் செய்தியை லேசில் விடவில்லை. கனவில் சாகிற சீன் உண்டா, சுவரில் மாலை போட்ட போட்டோவாக வருவானா, கோமாவில் படுப்பானா என்றெல்லாம் வக்கீல் மாதிரி குடைந்தாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான்.

"பேசறியா?"

"பேசறேன்."

"அப்ப வரேன். நடுவுல செத்தன்னா, எயிந்து வந்துகினே இருப்பேன்."

கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற இடத்தில் படப்பிடிப்பு. பின்னால் தெரிந்த புகைபோக்கிகள் டைரக்டருக்கு ரொம்பப் பிடித்திருந்தன, ரொம்ப இயற்கையாக இருக்கிறது என்றார். ஊர்க்காரர்கள் இயற்கையாக இருமிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

சீன் இதுதான். ஹீரோ படகிலிருந்து தவறி விழுகிறான். அந்தோணி குதித்து, இழுத்து வந்து, கரையில் போட்டு, கன்னத்தில் ஒரு அறை விட்டு வசனம் பேச வேண்டும். குதித்ததும் இழுத்ததும் ஒரே டேக்கில் ஓகே. நீச்சல் தெரியாத ஹீரோ நிஜமாகவே பயந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டதை எல்லாரும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள். வசனத்தைப் பற்றிப் பாஸ்கலுக்குக் கவலையே இல்லை. குளியலறையில், மாடிப்படியில், சர்ச் பூசைக்குப் போகிற வழியில் என்று அதைச் சொல்லிச் சொல்லி, சிலிண்டர் போடுகிறவருக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

கிளாப் அடித்தார்கள். "ஆக்‌ஷன்" என்றார் டைரக்டர்.

மூச்சு நின்றது.

வாய் திறந்திருந்தது. கை ஹீரோவின் சட்டையைப் பிடித்திருந்தது. நெஞ்சுமட்டும் கல்லுக்குண்டாக நின்றது. உணர்ச்சியில் இடைவெளி விடுகிறார் என்று டைரக்டர் பரவசமாகக் காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து 'கட்' என்றார். உடனே பாஸ்கலுக்கு மூச்சு வந்தது, வசனமும் வந்தது.

அடுத்த டேக்கும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. 'ஆக்‌ஷன்' என்று சொல்லாமல் 'ஸ்டார்ட்' என்று சொல்லிப் பார்த்தார்கள். கிளாப் சத்தத்துக்கே நின்றது. கிளாப்பை விட்டுவிட்டு கையை மட்டும் அசைத்தார்கள். அசைந்த கையைப் பார்த்து நின்றது. இத்தனை வருஷமாகப் பழக்கிய உடம்பு, சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வாயை மட்டும் அசைக்கிறேன், டப்பிங்கில் பேசிவிடுகிறேன் என்று பாஸ்கல் கெஞ்சினான். தன் படத்தில் எல்லாமே லைவ் சவுண்டு, டப்பிங் கிடையாது, அது கொள்கை என்றார் டைரக்டர். ஹீரோ கொள்கை எதுவும் சொல்லவில்லை, கேரவனைப் பார்த்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அருள்பிரகாசம் மணலில் வந்து பாஸ்கல் பக்கத்தில் குந்தினார்.

"அண்ணா, அந்தோணி செத்துட்டா எப்படி இருக்கும்?"

பாஸ்கலுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி காலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்தான். ஹீரோவைக் கரையில் தள்ளிவிட்டு அந்தோணி மாரடைப்பில் போய்விடுகிறார், அந்த வசனத்தை ஹீரோ கொஞ்சம் மாற்றிப் பிணத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று டைரக்டர் விளக்கினார். சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது.

"சார், சாவ மாட்டேன்னு எம்பொண்ணாண்ட சொல்லிட்டு வந்துகீறேன்."

"எல்லாரும் அப்படித்தானேண்ணா சொல்லிட்டு வர்றாங்க" என்றார் டைரக்டர். அதையும் வசனத்தில் சேர்த்துக்கொண்டார்.

பாஸ்கல் எழுந்து போய்ப் படுத்தான். வேறென்ன செய்வான்? வீட்டுக்குப் போனால் நாளை இன்னொரு கிணறுதான். 'ஆக்‌ஷன்' என்றதும் அவன் செத்தான், ஹீரோ அழுதான், ஒரே டேக்கில் ஓகே. இவ்வளவு அருமையான சாவைப் பார்த்ததேயில்லை என்று கேமராமேன் கை குலுக்கினார்.

பிணமாக நடித்தவரை அப்படியே அனுப்புவது சினிமாவில் வழக்கமில்லை. அபசகுனம். எழுந்து நின்று கேமராவைப் பார்த்து ஒருதரம் சிரித்துவிட்டுப் போக வேண்டும். அதற்குக் கிளாப் கிடையாது, ஆக்‌ஷன் கிடையாது. கேமரா சும்மா ஓடும். அதைப் படத்தில் வைக்க மாட்டார்கள், யாரும் பார்க்கவும் மாட்டார்கள். சவுண்டுக்காரர் வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஹீரோ இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். எழில்மொழி என்கிற உதவி இயக்குநர் பெண், அண்ணே சிரிச்சிடுங்க என்றாள்.

பாஸ்கல் எழுந்தான். கேமராவைப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. நெஞ்சு தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தோணியின் வசனம் தானாக வந்தது.

"உங்கப்பன் உன்ன என் கையில குட்தது, கடல்ல தொலச்சிட்டு வரவாடா? நா கீறேன்டா. நீ ஏன் பயப்படற?"

வயரைச் சுற்றிய கை நின்றது. ஹீரோ ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்க மறந்தான். டைரக்டர் ஓடிவந்து, இதேதான் இதேதான் என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்புறம் மைக் பெட்டிக்குள் போய்விட்டதைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஹீரோவின் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதையும் பார்த்தார். உலுக்கிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, அந்தோணியின் மரணம்தான் படத்துக்கே திருப்புமுனையாக அமைந்துவிட்டது என்றார்.

பாஸ்கல் எழில்மொழியிடம் ஒன்றே ஒன்று கேட்டான். அந்தத் துண்டுக் காட்சி மானிட்டரில் ஓடுவதை அவள் அவன் செல்லிலேயே படம் பிடித்துக் கொடுத்தாள். எங்கேயும் போட்டுவிடாதீர்கள் என்றாள்.

எண்ணூரிலிருந்து பஸ். ஈரத்தோடு உட்காரக் கூடாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அந்தத் துண்டை ஜூடிக்கு அனுப்பினான். பார்த்துவிட்டாள்.

'சவுண்டே வரல. இன்னா சொல்ற?'

பாஸ்கல் செல்லை வாய்க்கருகில் வைத்து, வசனத்தை முழுசாகப் பேசி அனுப்பினான். முன்னால் நின்ற பையன் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, "இன்னா மாமு, என்னையா சொன்ன?" என்றான். இல்லப்பா, வீட்டுக்கு என்றான் பாஸ்கல். பையன் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒயரை மாட்டிக்கொண்டான்.

'இது படத்துல வருமா?'

'வராது.'

பஸ் திருவொற்றியூர் தேரடி தாண்டியது.

'செத்துட்டியா?'

என்னென்னவோ டைப் செய்து அழித்தான். கடைசியில் 'ஆமா' என்று போட்டான்.

'அப்ப நா தியேட்டருக்கு வரல.' அதற்குக் கீழேயே இன்னொன்று வந்தது. 'அந்த வாய்ஸ அம்மாவும் கேட்டுச்சி. இன்னொரு தபா போடுன்னுச்சி.'

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றுபோனது. கண்டக்டர் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டார். பாஸ்கல் செல்லைக் காதோடு வைத்து, தான் பேசியதைத் தானே போட்டுக் கேட்டான். பாதிக்குமேல் லாரி ஹார்ன். மிச்சத்தில் வசனம் இருந்தது. வசனத்துக்கு முன்னால் அவன் மூச்சு இழுப்பதும் கேட்டது.