உள்ளங்கால் மச்சம்

என் கொழுந்தன் பெண்டாட்டி சத்யபிரியாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் வலது உள்ளங்காலில் ஒரு மச்சம் வந்தது. அந்த மாதமே கொழுந்தனுக்கு சிங்கப்பூர் வேலை கிடைத்தது. "உள்ளங்கால் மச்சக்காரில்லா, கடல் தாண்டுத யோகம்" என்று என் மாமியார் ஆய்க்குடி முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஆறு வருஷம் முந்தியே அதே வீட்டுக்கு மூத்த மருமகளாய் வந்த நான், இந்தச் சங்கரேஸ்வரி என்ன, ஓட்டைச் சட்டியா? எனக்கு வயிறு எரிந்தது.

சாரல் தொடங்கினால் குற்றாலம் போவோம். குளிக்கும் முன் ஒருத்திக்கொருத்தி எண்ணெய் தேய்ப்போம். அவள் காலை நீட்டுவாள். என் கண் நேரே மச்சத்துக்குப் போகும். போன வருஷம் கடுகளவு. இந்த வருஷம் துவரம்பருப்பை மிஞ்சி, ஓரமெல்லாம் மை கலைந்தாற்போல் கிடந்தது. இவள் இன்னும் எதையெல்லாம் அள்ளப் போகிறாளோ என்று பொருமினேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி வைத்து என் காலைப் பார்த்தேன். பித்தவெடிப்புதான் இருந்தது. அதைக் காட்டத் தென்காசியில் தோல் டாக்டரிடம் போனபோது வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "எனக்கும் உள்ளங்கால்ல மச்சம் வருமா டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வராம இருக்கதுதான் நல்லது. இந்த வயசுல புதுசா வந்து வளர்ந்தா, ஓரம் கலைஞ்சா, புற்றுநோயாக்கூட இருக்கலாம். உடனே காட்டணும். மாசம் ஒரு தடவை உள்ளங்கால், முதுகு எல்லாம் பாத்துக்கோங்க."

பஸ்ஸில் வரும்போது சத்யாவின் மச்சம்தான் கண்ணுக்குள் நின்றது. வாயை மூடிக்கொண்டால் என்ன என்று ஒரு நிமிஷம், சத்தியமாக ஒரே நிமிஷம், தோன்றியது. சீ, நாசமாய்ப் போன மனசு!

"ஏட்டி, நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்" என்று சத்யாவிடம் சொன்னேன்.

"என் யோகத்துல கண்ணு வைக்கியளாக்கா?"

"ஆமாட்டி, வச்சேன். ரெண்டு வருஷமா வச்சேன். கடுகு பருப்பானது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். கெளம்பு!"

புற்றுதான். ஆரம்பம் என்பதால் அந்த இடத்தை வெட்டி எடுத்து, தொடைத்தோலை ஒட்டினார்கள். "உள்ளங்காலை யாரும் இவ்வளவு கவனிக்க மாட்டாங்களே, யார் பாத்தது?" என்றார் டாக்டரம்மா.

"எங்கக்காதான். என் காலை விட்டுக் கண்ணெடுக்கவே மாட்டாவ" என்று சத்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இப்போது மாதம் முதல் வெள்ளி அவள் கால் என் மடியில், என் கால் அவள் மடியில். "பிழைச்சு வந்தாளே, யோகக்காரி" என்று மாமியார் இன்னமும் அவளைத்தான் சொல்கிறாள். எனக்கு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் அவள் காலைத் திருப்பும்போது, ஒன்றும் இருக்கக் கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டுதான் திருப்புகிறேன்.