நீல மூடி டப்பா

வள்ளி வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மாமியாரின் காலருகே உட்காரப் போனாள்.

“நீ நகரு வள்ளி. நாங்க குளிப்பாட்டிக்கிறோம்” என்றாள் அருணாதேவி. செத்துக் கிடந்த மாமியார் கனகலதாவின் தங்கை. காலை பஸ்ஸில் வந்தவள்.

வள்ளி துணியைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். பதினோரு மாதம் அந்த உடம்பை நாளைக்குப் பத்துத் தடவை கழுவியது அவள்தான். அப்போது எந்தத் தங்கையும் பஸ் ஏறவில்லை. கர்ப்பப்பைப் புற்றுக்கு வைத்த கதிர்வீச்சுக் கரன்ட், கட்டியோடு குடலையும் சேர்த்துச் சுட்டுவிட்டது. குடித்த கஞ்சி அரைமணியில் போய்விடும். கழுவ வள்ளியின் கை ஆகும். கஞ்சியை மட்டும் மகன் ஜினசேனன்தான் காய்ச்ச வேண்டும். சமண வீட்டுக்குக் காதலித்து வந்தவள், அடி அண்ணாமலையில் கறி தின்று வளர்ந்தவள் ஆயிற்றே.

சென்னை டாக்டர் கடைசியாக ஒரு வழி சொன்னார். நல்ல குடல் உள்ள ஒருவரின் மலத்திலிருந்து கிருமிகளைப் பிரித்து இவள் குடலுக்குள் விடுவது. சரியாகும் என்று சத்தியம் செய்யவில்லை, பார்க்கலாம் என்றார். சோதனையில் வள்ளி தேறினாள். ஜினசேனன் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்ததால் மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்கள்.

“எம் புள்ளையோடதுன்னா சரி. மூணு மாசம் இருக்கேன்” என்றாள் கனகலதா. “அவ வயித்துல இருந்தது எனக்கு வாணாம்.”

மாதிரி எடுத்துவர ஆஸ்பத்திரியில் மகன் பெயர் ஒட்டி ஒரு நீல மூடி டப்பா கொடுத்தார்கள். கனகலதா அதைக் கண்ணில் படும்படி அலமாரியில் வைக்கச் சொல்லி, தேதியை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

கல்யாணமாகி எட்டு வருடத்தில் வள்ளி முட்டையைக்கூடத் தொட்டதில்லை. வேங்கிக்கால் ஆபீஸுக்குப் போகும் பிள்ளையோ வாரம் இரண்டு நாள் கறி பிரியாணி தின்றுவிட்டு, வாசனை தெரியாமல் பாக்கு மென்றபடி வீடு திரும்புவான்.

“நீங்களே சொல்லிடுங்க. தெரிஞ்சா என்னுதுக்கு ஒத்துக்குவாங்க” என்று அவனிடம் கெஞ்சினாள் வள்ளி.

“அம்மா தாங்காது வள்ளி.”

அவளாவது சொல்லியிருக்கலாம். புருஷன் மானம் என்று வாயை மூடிக்கொண்டாள். கெடுவுக்கு இருபது நாள் இருக்கும்போதே கனகலதா முந்திக்கொண்டாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், சமண வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டுமே என்று பங்காளி வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

“சுத்தமா வாழ்ந்தா எங்கக்கா. புள்ளையையும் அப்படியே வளர்த்தா” என்று மூக்கைச் சிந்தினாள் அருணாதேவி. ஜினசேனன் குனிந்து அழுதான். வள்ளிக்கு அழுகை வரவில்லை.

உப்பு பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு அருணாதேவி அலமாரியைத் துழாவினாள்.

“இந்த டப்பா புதுசா இருக்கே. இதுல கொட்டட்டுமா?”

ஜினசேனன் நிமிர்ந்தான்.

“கொட்டுங்க சின்னத்தை” என்றாள் வள்ளி. “உங்கக்கா புள்ள பேருதான் ஒட்டியிருக்கு.”

அருணாதேவி உப்பைக் கொட்டி, நீல மூடியைத் திருகி, சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.