தாஹிரா கேட்ட பதினாலு கேள்வி

காலை பத்து ஐந்து. கப்பல் நாலு மணிக்குக் கிளம்பும்.

அதற்குள் தாஹிரா வாய் திறக்க வேண்டும். பர்மாவிலிருந்து தேக்கு ஏற்றி வந்த கப்பலில் ஒளிந்து வந்தவள். பதினொரு வயது இருக்கலாம். தஞ்சம் வேண்டும் என்று அவளே சொல்லி, அது படிவத்தில் ஏறினால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் அதே கப்பல். கேப்டன் கேட்டார், போலீஸ் கேட்டது, குடியேற்ற அதிகாரி கேட்டார். ஒருவருக்கும் அவள் பதில் சொல்லவில்லை.

அகதிகள் அலுவலகத்துச் செல்வநாதன் ராயபுரம் குழந்தைகள் இல்லத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். மொழிபெயர்க்க மங்கை வந்திருந்தாள். ரங்கூனில் பிறந்தவள். வியாசர்பாடியில் வீடு, பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடை.

"நான் கேக்கறத மட்டும் கேளுங்கம்மா. சொந்தமா ஒரு வார்த்தை கூடாது."

"எனுக்குத் தெரியாதா சார்?"

முதல் கேள்வி, பெயர். மங்கை கேட்டாள். தாஹிரா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

செல்வநாதன் பேனாவைத் திறந்தார். "என்ன சொல்றா?"

"என் பேரு இன்னான்னு கேக்குது."

"நீங்க சொல்லக் கூடாது."

"சின்னப் புள்ள சார்." சொல்லிவிட்டாள்.

அடுத்து அப்பா பெயர் வந்தது. பிறகு பிறந்த ஊர். செல்வநாதன் படிவத்திலிருந்த பதினாலு கேள்விகளைப் பார்த்தார். அதே வரிசை. மூன்று பேர் கேட்டதில் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

"நான் எல்லாத்துக்கும் பதில் சொன்னாத்தான் அது சொல்லுமாம்."

மணி பதினொன்றரை. "சொல்லித் தொலைங்க."

மங்கை இங்கே வந்த வருஷம் அறுபத்து நாலு. அப்போது ஒன்பது வயது. பட்டாளத்துக்காரர்கள் அடித்தார்களா? இல்லை என்றாள் மங்கை. தாஹிரா உள்ளங்கையால் மேசையை ஓங்கி அறைந்தாள்.

"போலீசு மாரியே தட்டுது சார்."

"உண்மையைச் சொல்லிடுங்கம்மா."

மங்கை சொன்னாள். அடித்தார்கள்.

"எட்டாவதை விட்டுட்டா" என்றார் செல்வநாதன், தன்னை மறந்து.

"அத்த அப்பால கேக்குமாம். நீங்க குறுக்கப் பேசக் கூடாதாம்."

பதினாலாவது, கூட வராதவர்கள் யார்.

"அக்கா" என்றாள் மங்கை. "கப்பல்ல எடம் இல்ல. அடுத்த கப்பல்ல அனுப்புறேன்னு சித்தப்பா சொன்னாரு."

தாஹிரா தலையாட்டினாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள். பிறகு நிறுத்தவில்லை. செல்வநாதன் இரண்டு முறை பேனாவுக்கு மை போட்டார். தஞ்சம் வேண்டும் என்றாள். கூட வராதது அக்கா என்றாள். அடுத்த கப்பலில் வருவாளாம்.

மூன்று பத்துக்குக் கையெழுத்தானது. செல்வநாதன் துறைமுகத்துக்குப் போன் போட்டார். கப்பல் அவள் இல்லாமலே போகலாம்.

தாஹிரா மங்கையிடம் இன்னும் ஏதோ கேட்டாள். மங்கை அவள் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அது என்ன? படிவத்துல பதினாலுதானே?"

"என் அக்கா எந்தக் கப்பல்ல வந்துச்சுன்னு கேக்குது சார்."