கட்டத்துக்குள் வராத பேர்

யாசருக்கு வேலை நின்றுபோனது ஆபீசில் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான். ஆனால் இந்த இரண்டையும் அவர் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஆலைகளுக்குத் தினக்கூலி ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர் தணிகாசலம். அவருடைய ஆபீஸ் என்றால் ரோட்டை ஒட்டி ஷட்டர் போட்ட ஒரு கடை, அவ்வளவுதான். காலையில் ஷட்டர் முன்னால் ஆட்கள் வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் மேஸ்திரி முகத்தைப் பார்த்து நீ வா, நீ வா என்று கை காட்டுவார். 2008 பொங்கல் முடிந்ததும் கம்ப்யூட்டர் வந்தது. அதன் முன்னால் மோனிகா என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு எந்த ஆலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்து அவள் பேர்களைத் தேர்ந்தெடுப்பாள், தாள் வெளியே வரும், மேஸ்திரி அதைப் படிப்பார். படித்த பேர் ஆலைக்கு. படிக்காத பேர் ஊட்டுக்கு.

யாசரின் பேரைப் படிப்பது குறைந்துகொண்டே வந்தது. லாரிகள் குவிந்து, நின்றவன் போனவன் எல்லாரையும் கூப்பிடுகிற நாளில் மட்டும் வரும். மற்ற நாளில் அவர் பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து, ஷேர் ஆட்டோ ஏறி, நின்று, கேட்டு, திரும்பிப் போவார்.

அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. இங்கே வருவதற்கு முன் ஒரு ஆலையில் பர்மனென்டாக இருந்தார். அது மூடியபோது கூட இருந்தவர்கள் கேட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள், அவரும் போட்டார். அதெல்லாம் முடிந்து தணிகாசலத்திடம் வந்து சேர்ந்தவர்.

பேர் வராததற்குக் காரணம் தனக்குத் தெரியும் என்றுதான் யாசர் நினைத்திருந்தார். போன வருஷம் ஆலையில் சூடு ஆறாத கம்பியை எடுத்து அடுக்கச் சொன்னார்கள். கிளவுஸ் கிழிந்து தொங்கியது. அன்றைக்குப் பார்த்து தணிகாசலம் அங்கே வந்தார். எல்லார் முன்னாலும் யாசர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். தணிகாசலம் பதில் பேசாமல் காரில் ஏறிப் போனார். அந்த மௌனம்தான் இப்போது பேரை வராமல் தடுக்கிறது என்று யாசர் முடிவு கட்டியிருந்தார்.

ஒரே தெருவிலிருந்து கூட வருகிற தானியேலுக்குத் தினம் வேலை கிடைத்தது. பேர் படித்து முடித்ததும் தானியேல் டிபன் டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நீ இன்னா பாய், ஆபீசரு கணக்கா வந்து பாத்துட்டு ரைட் சொல்லிட்டுப் போயிடற" என்பான். முதலில் யாசர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கோபமும் வரவில்லை. டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் டீ குடித்தோம் என்றே தெரியும்.

வீட்டில் இர்பானா ஜாக்கெட் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பழவேற்காட்டில் இருந்த அவள் அண்ணன் மொய்னுதீன் போன் செய்தார். இறால் வியாபாரத்தில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், பொன்னேரி வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், மாடியில் ஒரு ரூம் சும்மாதானே கிடக்கிறது என்றார். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் அண்ணி வீட்டு மாடியில் போய் உட்கார இர்பானாவுக்கு உயிர் போனாலும் மனசில்லை. கல்யாணமான புதிதில் ஒரு மாசம் அங்கே இருந்து பார்த்தவள் அவள். தண்ணீர் மோட்டார் போடக்கூட அண்ணியிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

"போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள். "தப்புன்னு சொன்னா வாய் தேஞ்சிடுமா? அந்தாளு மனசுல வெச்சிகினு கீறாரு. நீங்க சொல்லிட்டா பேரு வந்துடும். எங்க அண்ணி கையில ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கிறத விட இது எவ்ளோ மேலு."

யாசர் சரி என்றார். மறுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் போனபோது தணிகாசலம் ஆபீஸ் பின்பக்கத்தில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் இட்லி, வடகறி. வா பாய், உட்காரு என்றார். யாசர் உட்காரவில்லை. ரயிலில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை அப்படியே சொன்னார். போன வருஷம் ஆலையில் வைத்து நான் பேசியது தப்பு, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

தணிகாசலம் வடகறியைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார்.

"இன்னா பேசின நீ?"

யாசர் கிண்டலா என்று முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை. இத்தனை மாசமாகத் தனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயம், எதிரில் இருப்பவரிடம் இல்லவே இல்லை. இனி திரும்பிப் போகவும் முடியாது. அவரே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"நல்ல கிளவுஸ் குடுக்காம கம்பிய தூக்கச் சொல்றீங்களே, உங்க ஊட்டுப் பசங்கள இப்டி அனுப்புவீங்களான்னு கேட்டேன்."

"எல்லாரும் இருக்கசொல்லவா?"

"ஆமா."

தணிகாசலம் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு சிரித்தார். "கேட்டியா நீ? நான் அன்னிக்கு இன்னா டென்ஷன்ல இருந்தனோ, காதுலயே வுழல போல" என்றார். சரி சரி, விடு, அதுக்கெல்லாம் பேரை எடுக்கிற ஆள் நான் இல்லை, முன்னால் போய் அந்தப் பெண்ணைக் கேள் என்று அனுப்பினார்.

மோனிகா கவரைப்பேட்டைப் பெண். யாசர் கேட்டதும் பயந்துவிட்டாள். நான் யார் பேரையும் எடுக்கவில்லை என்று ஸ்க்ரீனை அவர் பக்கம் திருப்பினாள். நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம். அதற்குள் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் பேர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட ஒரு சின்னச் சதுரம். ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது பத்துப் பேர்தான். மற்றவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஓரத்தில் இருக்கிற பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் மேலே போட்ட டிக் எல்லாம் அழிந்துவிடும். அதனால் அவள் முதல் பத்துப் பேருக்கு டிக் போட்டுத் தாள் எடுப்பாள். பிறகு கொஞ்சம் இழுத்து அடுத்த பத்து, இன்னொரு தாள். ஆள் கணக்கு சரியானதும் நிறுத்திவிடுவாள்.

அவள் பட்டையைக் கடைசி வரைக்கும் இழுத்தாள். அடியில், ஒய் எழுத்தில், அதற்கு மேல் போக முடியாத இடத்தில், யாசர் பேர் இருந்தது.

"உங்க பேரு அங்கயேதான் கீது பாய்" என்றாள். "நான் அவ்ளோ தூரம் வர்றதில்ல. டிக்கு போயிடுதேன்னு இத்த போட்டுக் குடுத்தவங்களுக்கு போன் பண்ணிக் கேட்டேன், வந்து பாக்கறோம்னாங்க, வரல. எனக்குத்தான் சரியா போடத் தெரியலன்னு நெனச்சிகினு உட்டுட்டேன்."

யாசர் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மதி வர வேண்டும், இல்லை ஆத்திரமாவது வர வேண்டும். இரண்டும் வரவில்லை. யாரும் அவரைப் பழிவாங்கவில்லை. யாரும் அவரை நினைக்கக்கூட இல்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

விஷயம் தணிகாசலம் காதுக்குப் போனது. என் ஆட்களில் பாதிப் பேர் ஸ்க்ரீனிலேயே தெரியவில்லையாமே என்று அவர் போனில் கத்த, அடுத்த வாரம் அந்த சாஃப்ட்வேரை எழுதிய சுப்பராயன் அம்பத்தூரிலிருந்து வந்தார். நரைத்த தலை, தோளில் லேப்டாப் பை. அன்றைக்கும் பேர் வராமல் யாசர் பெஞ்சில்தான் இருந்தார். கதவு திறந்திருந்ததால் உள்ளே நடந்ததெல்லாம் தெரிந்தது.

சுப்பராயன் எதையும் சொல்லித்தரவில்லை. நான் இல்லை என்று நினைத்து உன் வேலையைச் செய்ம்மா என்று மோனிகாவிடம் சொல்லிவிட்டு, பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவள் டிக் போட்டாள், தாள் எடுத்தாள், இழுத்தாள், மறுபடியும் போட்டாள். ஒருமுறை தாள் எடுக்கும் முன்பே கை நழுவிப் பட்டை இழுபட, போட்ட டிக் எல்லாம் அழிந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் டெஸ்ட் பண்ணசொல்ல பத்து பேருதாம்மா போட்டேன்" என்றார். "பத்தும் கட்டத்துக்குள்ள அடங்கிச்சி. இழுக்க வேண்டிய வேலையே வரல."

மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து மாற்றினார். கட்டம் ஸ்க்ரீன் முழுசுக்கும் பெரிதானது. ஒரு வரி விட்டு ஒரு வரிக்கு லேசாக நிறம் கொடுத்தார், கண் வழுக்கிப் பக்கத்துப் பேருக்குப் போகாமல் இருக்க. டிக் போட்ட வரி பளிச்சென்று தெரிந்தது. எவ்வளவு இழுத்தாலும் அழியவில்லை. இதுவரை எத்தனை பேர் என்று அடியில் ஒரு எண் ஓடியது. பேருக்குப் பக்கத்தில் கடைசியாக வேலைக்குப் போன தேதி வந்தது. ரொம்ப நாளாக வேலை இல்லாதவர் மேலே, நேற்றுப் போனவர் கீழே. பெஞ்சில் இருந்த யாசரையும் உள்ளே கூப்பிட்டார். ஒரு எழுத்தைத் தட்டினார். கட்டம் நேராக யாசர் பேரில் போய் நின்றது.

"இனிமே உங்கள யாரும் தேட வேணாம் பாய்" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தணிகாசலம் வந்து பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் மெஷினே வரிசை போட்டால் நான் எதுக்கு இருக்கிறேன் என்றார். ஆலைக்காரர்கள் இன்ன ஆள்தான் வேண்டும் என்று கேட்பார்கள், அவனை மேலே ஏற்ற வழி வேண்டும் என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. யாசருக்கேகூட அது நியாயமாகத்தான் பட்டது. சுப்பராயன் ஓரத்தில் இரண்டு அம்புக்குறி வைத்துக் கொடுத்தார். பேரைத் தொட்டு ஒன்றைத் தட்டினால் மேலே போகும், இன்னொன்றைத் தட்டினால் கீழே போகும். நாமே மாற்றுகிற வரைக்கும் வைத்த இடத்திலேயே நிற்கும்.

மறுநாள் மேஸ்திரி படித்த முதல் பேர் யாசர். அவருக்கே அது காதில் விழவில்லை. பக்கத்தில் நின்றவர் தோளைத் தட்டி அனுப்பினார். அந்த வாரம் வேலை வந்தது. அடுத்த வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. ஒரு நாள் யாசர் பேர் வந்து தானியேல் பேர் வரவில்லை.

"இன்னிக்கி நான்தான் ஆபீசரு" என்றான் தானியேல். "போ பாய், போய் வேலயப் பாரு. சாயங்காலம் வந்து செக் பண்றேன்." அவன் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அவனுக்கு முதுகு வலி, ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று இருந்தான்.

வீட்டில் இர்பானா ரொம்ப நாளைக்குப் பிறகு மீன் வாங்கினாள். நான் சொன்னேனா இல்லையா, ஒரு வார்த்தை சொன்னதும் அந்தாள் மனசு இறங்கிவிட்டது பார்த்தீர்களா என்றாள். அண்ணனுக்கும் போன் செய்து இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கட்டம், டிக், இழுக்கிற பட்டை என்று யாசர் எதையும் அவளுக்கு விளக்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் நீளும் என்று சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம் பேர் வரவில்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை. புதன்கிழமை லாரிகள் வரிசை கட்டி நின்றன, தானியேலைக்கூட இரண்டு ஷிப்டு பார்க்கச் சொன்னார்கள். அன்றைக்கும் இல்லை. ஆட்களெல்லாம் போன பிறகு யாசர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்.

மறுபடியும் டிக் அழிகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் மோனிகா. கட்டம் சின்னதாகிவிட்டதா என்றார். இல்லை, எல்லாப் பேரும் தெரிகிறது என்றாள். பேசும்போது கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்பேரு தெரியிதா?"

"தெரியிது பாய்."

"எங்க கீது?"

"கடசியில."

அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஓனரு சனிக்கெழம வந்து குந்திகினு பாத்தாரு. உங்க பேரு மேலதான் இருந்திச்சி. யாரு, கிளவுஸ் கேட்ட பாயான்னாரு. சிரிச்சிகினேதான் சொன்னாரு. இந்த மாதிரி ஆளு ஆலையில போய் நாலு பேர ஏத்தி உட்டா பேஜாராயிடும்னு சொல்லிட்டு, கீழ அம்ப தட்டினே இருந்தாரு. நான் இன்னா பண்ண முடியும் பாய்?"

நீ ஒன்றும் பண்ண முடியாதும்மா என்றார் யாசர். அதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் குடித்தார். பாட்டிலை மூடி அவளிடம் கொடுத்தார்.

ஷேர் ஆட்டோவில் ஏறினார். இத்தனை மாசம் இல்லாத பகையை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இதே ரோட்டில் போய்வந்தார். இப்போது அது நிஜமாகவே இருக்கிறது. அவரே கொண்டுபோய்க் கொடுத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும் என்று நினைத்தார். ரோடு அதேதான், ஆலைப் புகை அதேதான், பக்கத்தில் உட்கார்ந்தவரின் முழங்கை விலாவில் இடிப்பதும் அதேதான்.

பத்து மணிக்கே வீட்டுக்கு வந்து நின்றவரைப் பார்த்து இர்பானா மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். இன்னாங்க, இன்றைக்கும் வரவில்லையா என்று கேட்டாள். மறுபடியும் ஏதாவது பேசிவிட்டீர்களா என்றும் கேட்டாள்.

"இல்ல" என்றார் யாசர். "கம்ப்யூட்டரு ரிப்பேரு."

"எப்ப ரெடியாவுமாம்?"

"ஆவாதாம்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாசர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, அவள் அண்ணனுக்குப் போன் போடச் சொன்னார்.