இரண்டாயிரம் வருஷத்துக்கு ஒரு சுற்று

1

இந்தக் கதை பாகற்காய் நறுக்கும்போது பிறந்தது. வானத்தைப் பார்த்து மெய்மறந்தபோது பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் டாலிகஞ்சில் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து தெரிவது எதிர் ஃப்ளாட்டின் தண்ணீர்த் தொட்டி. என் பெண் ஹம்சினி கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கறுப்புப் படத்தில் மூன்று புள்ளிகள்.

"அம்மா, இது நம்ம சூரியன் மாதிரியே ஒரு நட்சத்திரம். எங்கேயோ தூரத்துல இருக்கு. மத்த ரெண்டும் அதைச் சுத்தற ராட்சசக் கிரகம். இதுகளை ஆராய்ச்சி பண்ண எனக்கு சிலியில வேலை கிடைச்சிருக்கு. மூணு வருஷம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

அன்று பாகற்காய் தீய்ந்துபோனது. (இந்த வாக்கியம் தேவையா? இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "எல்லையற்ற பிரபஞ்சத்தின் ஏதோவொரு மூலையில், தன்னந்தனியே எரிந்துகொண்டிருக்கும் ஒரு..."

சீ! பள்ளிக்கூட ஆண்டுமலர் வாடை. விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "வைத்தீஸ்வரன் பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பப் பயந்தவர்." இது தேறும். பெயரை மாற்றிப் பார்த்தேன். வேறு பெயர் வைத்தால் அந்த மனுஷர் என் கணவரைப் போலப் பேசமாட்டேன் என்கிறார்.

கதையில் வைத்தீஸ்வரன் சொல்கிறார்: "அவளுக்கு ஏழரை நடக்கறது. சனிப்பெயர்ச்சி ஆகட்டும், அப்பறம் பார்த்துக்கலாம்."

3

ஹம்சினி சிரித்தாள். கதையிலா வீட்டிலா என்று கேட்காதீர்கள். இரண்டிலும்தான்.

"சனி சூரியனை ஒரு சுத்து சுத்த முப்பது வருஷம். அதுல கால்வாசிதான் உங்க ஏழரை. இந்தப் படத்துல உள்பக்கம் இருக்கே, அந்தக் கிரகத்துக்கு ஒரு சுத்துக்கு ரெண்டாயிரம் வருஷமாவது ஆகும். அங்க ஒருத்தனைப் பிடிச்சா எத்தனை வருஷம் ஆட்டும், சொல்லுங்கோ?"

வைத்தீஸ்வரன் மனக்கணக்காகவே போட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐந்நூறு வருஷமா! பாவம்டி. அவாள்ளாம் என்ன பரிகாரம் பண்ணுவா?"

[அடிக்குறிப்பு மாதிரி: வெளிப்பக்கக் கிரகம் இன்னும் மெதுவாம். இரண்டும் வெறும் வாயு உருண்டை, அங்கே யாரும் வாழ முடியாது என்று ஹம்சினி விளக்கினாள். "பார்த்தியா, ஒருத்தர்கூடத் தப்பலை," என்றார் அவர்.]

4

முடிவு ஒன்று: அப்பா மனம் மாறுகிறார், விமான நிலையம், கண்ணீர்... வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

முடிவு இரண்டு: ஹம்சினி எங்கேயும் போகவில்லை. பக்கத்தில் பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகிறாள். சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்கு வந்து காபி குடி...

இதை எழுதும்போது உள்ளுக்குள் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் பாதியில் நிறுத்திவிட்டேன்.

5

வரைவை நிஜ வைத்தீஸ்வரன் படித்துவிட்டார்.

"என்னடி இது அக்கிரமம்? ஏழரைன்னு ஆரம்பிச்சது நீ. ஜோசியர்கிட்ட ஓடினதும் நீ. அதைக் கொண்டுவந்து என் தலையில ஏன் கட்டறே?"

"கதைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும், ஏன்னா."

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அங்க நல்ல தயிர் கிடைக்குமான்னு!"

ஆகவே வாசகர்களே, பயந்தவர் வைத்தீஸ்வரன் என்று வருகிற இடத்திலெல்லாம் பாகீரதி என்று போட்டுப் படியுங்கள். பாகீரதி நான்தான். பரிகாரம் கேட்டது மட்டும் அவர்.

அடுத்து ஹம்சினி படித்தாள்.

"முடிவு எங்கம்மா?"

"வாசகர்கள்கிட்டயே விட்டுடலாம்னு..."

"தூர்!" என்று வங்காளிகள் மாதிரி சலித்துக்கொண்டாள். "சிலியில வேலை அவாளுக்கா கிடைச்சிருக்கு? நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீ சரின்னு சொல்லாம நான் போகமாட்டேன். எனக்குப் போகணும்மா."

என்னென்னவோ வாதம் வைத்திருந்தேன். ஆனால் சொன்னது இவ்வளவுதான்:

"எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கும்தான்."

இவளுக்கும் பயம் இருக்கும் என்று எந்த வரைவிலும் எனக்குத் தோன்றவேயில்லை. இத்தனை நாள் அவளைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேனாம்! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி. போயிட்டு வா," என்றேன்.

6

முடிவு மூன்று:

எழுதவில்லை. அவர் கடியாஹாட் கடைத்தெருவில் அவளுக்குக் குளிருக்குக் குரங்குக் குல்லாய் வாங்கக் கிளம்பிவிட்டார், நான் பெட்டியை இறக்க வேண்டும். அவள் சிலியில் தொலைநோக்கி வைத்திருக்கும் மலைமேல் என்ன பார்த்தாள், என்ன கண்டுபிடித்தாள், மூன்று வருஷம் கழித்துத் திரும்பினாளா, இல்லை அங்கேயே தங்கிவிட்டாளா, எல்லாம் உங்கள் இஷ்டம். மூன்றாவதாக ஒரு கிரகம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் ஏனென்று கேட்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். எப்படி முடித்தாலும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டுக்கு ஃபோன் பண்ணினாள் என்று எழுதிவிடுங்கள்.